ஆளிமுறை மின்வழங்கியும் அலைவுகாட்டியும்

கடுகண்ணாவைக் கணவாயில் சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமுழக்கம் ஓய்ந்த மறுநாட் காலையில், அயலார் எவரேனும் கையிற் கரிய சிறு பெட்டியொன்றை ஏந்தியவராய் எம் வாயிலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. அப்பெட்டி ரூற்றருக்கோ, மடிக்கணினிக்கோ மின்னூட்டுவது. “நேற்று மின்னியபோது நின்றது, ஒருக்காற் பாருங்கள்” என்பார்கள். பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலங்களாகிய சித்திரையிலும் ஐப்பசியிலும் இலங்கையில் இடிமின்னல் மிகுதி என்பதும், மலைச்சரிவில் நெடுந்தூரம் ஓடிவரும் மின்கம்பிகள் அதன் அதிர்ச்சியை வீட்டினுள்ளே கொண்டுவந்து சேர்க்கும் என்பதும் இப்பகுதியில் வாழ்வார் நன்கறிந்தவை. அச்சிறு பெட்டியைத் திறந்து ஆராய்வது எங்ஙனம், ஆராய்கையில் உயிருக்கு ஊறு நேராமற் காப்பது எங்ஙனம் என்பதையே ஈண்டுக் கூறப் புகுந்தோம். கல்லூரி ஆய்வுகூடத்தில் அலைவுகாட்டியை முதன்முதற் கையாளும் இளைய மாணவரையும், ஓய்வு நேரத்தில் மின்கருவி திருத்தும் பழைய மாணவரையும் மனத்திற் கொண்டு எழுதுகின்றோம்.

எம் தலைமுறையினர் கற்ற மின்வழங்கி எளிமையானது. இரும்புத் தகடுகள் அடுக்கிய நிலைமாற்றியொன்று 230 வோல்ற்று ஆடலோட்டத்தை முதலிலேயே 12 வோல்ற்றாகக் குறைத்துவிடும். பின்னர் இருவாயிகளும் கொள்ளளவியும் அதனை நேரோட்டமாக்கும். பெட்டி கனமாயிருந்தது, ஆயின் நிலைமாற்றியைத் தாண்டியபின் அங்கு அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. ஆளிமுறை மின்வழங்கியோ இம்முறையைத் தலைகீழாக்கியது. வீட்டு மின்னோட்டத்தை அது குறைக்காமலே பாலச் சீராக்கியாற் சீராக்கி, ஒரு பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாகத் தேக்கிவைக்கும். 230 என்பது ஆடலோட்டத்தின் விளைவுப் பெறுமானம். அதன் உச்சம் 230-இன் 1.414 மடங்கு என்பதை மாணவர் நினைவுகூர்க. அந்த 325 வோல்ற்றை ஒரு திரான்சிற்றர் செக்கனுக்கு 65,000 தடவையோ, ஓரிலட்சம் தடவையோ இணைத்தும் அறுத்தும், சிறியதொரு ஃபெரைற்று நிலைமாற்றியினூடாகச் செலுத்தும். அதிர்வெண் மிகுமாயின் நிலைமாற்றியின் பருமன் குறையும். ஆதலின் ஒரு றாத்தல் எடையுள்ள பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிற்று. 1977-ஆம் ஆண்டு வெளிவந்த அப்பிள் II கணினிக்கு றொட் ஹோல்ற் என்பார் இத்தகைய மின்வழங்கியை அமைத்தார். இன்று தொலைபேசி மின்னூட்டி முதல் சலவை இயந்திரம் வரை இஃதின்றி ஒன்றுமில்லை.

இவ்வாறு ஒரே பலகையில் இரண்டு உலகங்கள் அருகருகே அமைந்துவிட்டன. நிலைமாற்றிக்கு இப்பாலுள்ள முதற்பக்கம் முழுவதும் வீட்டு மின்கம்பியோடு நேரே தொடர்புடையது. அப்பாலுள்ள துணைப்பக்கம் அதனின்றும் பிரிக்கப்பட்டது. பலகையை ஒளியிற் பிடித்துப் பார்த்தால் இரண்டிற்கும் இடையே செப்புப் பூச்சு அற்ற ஓர் இடைவெளி அகழிபோல் ஓடுவதைக் காணலாம். அவ்வகழியைக் கடப்பன மூன்றே: நிலைமாற்றி, ஒளி இணைப்பி, நீலநிற வட்டுப்போன்ற சிறு கொள்ளளவியொன்று.

இனி, ஆபத்து உறையும் இடத்திற்கு வருவோம். முதற்பக்கத்துப் பெரிய கொள்ளளவியின் எதிர் முனையைப் பலகையின் ‘பூச்சியக் கோடு’ என்று கருதுதல் இயல்பு. சுற்றுப்படத்திலும் அதற்குப் புவிக்குறி போன்றதொரு குறியே இடப்பட்டிருக்கும். ஆயின் அது புவியன்று. பாலச் சீராக்கியின் இருவாயிகள், உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி ஆகிய இரண்டில் அவ்வேளை எது தாழ்ந்த அழுத்தத்தில் உளதோ அதனோடு அம்முனையைப் பிணைத்துவிடும். உயிர்க்கம்பி நேராக இருக்கும் அரைச்சுற்றில் அம்முனை நொதுமற்கம்பியை ஒட்டி நின்று சாதுவாகத் தோன்றும். அடுத்த அரைச்சுற்றில் அது உயிர்க்கம்பியோடு சேர்ந்து புவிக்குக் கீழே 325 வோல்ற்று வரை இறங்கும். செக்கனுக்கு ஐம்பது முறை இவ்வாறு வேடம் மாறும் ஒரு முனையையே படம் ‘பூச்சியம்’ என்று காட்டுகின்றது.

அலைவுகாட்டியின் நிலை இதற்கு நேர்மாறானது. 1897-இல் பிறவுண் என்னும் ஜெர்மானிய அறிஞர் கதோட்டுக் கதிர்க் குழாயை ஆக்கிய காலந்தொட்டு அதன் திரை எத்தனையோ மாற்றங்களைக் கண்டது. ஆயினும் மின்செருகியில் இயங்கும் அலைவுகாட்டி அனைத்திற்கும் ஒரு பண்பு பொது. சோதனைமுனையின், அதாவது புரோபின், பக்கத்தே தொங்கும் முதலைவாய்க் கவ்வி கருவியின் உலோக உடலோடும், உடல் செருகியின் மூன்றாம் முனையோடும், அது வீட்டின் புவித்தொடுப்போடும் கம்பியினால் நேரே இணைந்திருக்கும். எனவே அந்தக் கவ்வி அழுத்தமளக்கும் ஒரு முனையன்று. வீட்டருகே மண்ணிற் புதைத்த செப்புக் கோலின் நீட்சியேயாகும். இரண்டு வழிகளையுடைய கருவியாயின் இரண்டு கவ்விகளும் உள்ளே ஒன்றே.

இவ்விரண்டையும் ஒருவன் அறியாமல் இணைத்தால் நிகழ்வது யாது? கவ்வியை முதற்பக்கத்துப் ‘பூச்சியத்தில்’ மாட்டி ஆளியை இட்டவுடன், உயிர்க்கம்பி எதிராகும் முதல் அரைச்சுற்றில் புவியிலிருந்து கவ்வி வழியாகவும் இருவாயி வழியாகவும் பெருமின்னோட்டம் பாயும். இருவாயி வெடிக்கும், உருகி எரியும், கவ்வியின் மெல்லிய கம்பி சிலவேளை புகைந்து உருகும். நற்பேறாக, வீட்டில் மீதியோட்டச் சுற்றுடைப்பான் இருந்தால் அது உடனே விழும். நாம் ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று வழங்கும் இச்சாதனம், உயிர்க்கம்பி வழியே சென்ற மின்னோட்டம் நொதுமற்கம்பி வழியே திரும்பி வருகின்றதா என்று கணக்குப் பார்ப்பது. 30 மில்லியம்பியர் குறைந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இவ்விடத்திலேதான் அறிவுள்ளோரும் வழுக்கி விழுகின்றனர். “கவ்வியை மாட்டினால் ட்ரிப் விழுகின்றது, குற்றம் புவித்தொடுப்பினது, அதனைக் கழற்றிவிட்டால் அளக்கலாமே” என்பது அவர்தம் தருக்கம். தருக்கம் பிழையன்று என்பதே இதிலுள்ள கேடு. அலைவுகாட்டியின் செருகியினுள்ளே பச்சை மஞ்சட் கம்பியை வெட்டிவிட்டால் ட்ரிப் விழாது. திரையில் அலைவடிவம் அழகாகத் தோன்றும். அதே வேளை அலைவுகாட்டியின் உலோக உடலும், திருகாணிகளும், இணைப்பிகளின் பளபளக்கும் வளையங்களும் உயிர்க்கம்பியின் அழுத்தத்திற்கு ஏறிவிடும். அளவி செவ்வையாக வேலை செய்கின்றது என்ற நம்பிக்கையோடு மனிதன் அதனைத் தொடுவான்.

இது கேட்டறிந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பாவித்துக் கழித்த பழைய அலைவுகாட்டியொன்றை நாம் வாங்கினோம். செருகியைத் திறந்து பார்க்கவில்லை. மூன்று முனைகள் இருந்தன, அதுவே போதும் என எண்ணினோம். மின்னூட்டியொன்றின் முதற்பக்கத்திற் கவ்வியை மாட்டிய பின்னும் ட்ரிப் விழாதது கண்டு ஐயுற்றிருக்க வேண்டும், ஐயுறவில்லை, மகிழ்ந்தோம். இடக்கை மேசையிலிருந்த கணினியின் உலோகப் பேழையிற் சாய்ந்திருக்க, வலக்கை அலைவுகாட்டியின் இணைப்பி வளையத்தைத் திருப்பச் சென்றது. ஒரு கையினின்று மறுகைக்கு நெஞ்சினூடே ஓர் அடி. உடனே வீடு இருண்டது. கணினியின் புவித்தொடுப்பு வழியாக எம் உடம்பிற் கசிந்த மின்னோட்டத்தைச் சுற்றுடைப்பான் கண்டுகொண்டமையால் இன்று இதனை எழுதுகின்றோம். பின்னர்ச் செருகியைத் திறந்தபோது, பச்சை மஞ்சட் கம்பி கவனமாக நறுக்கப்பட்டு, முனையில் ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. சுற்றியவர் தாம் செய்வதை அறிந்தே செய்தார். அடுத்து அதனைத் தொடுபவரை அவர் நினைக்கவில்லை.

புவித்தொடுப்பை இலேசாக எண்ணும் பழக்கம் எம்மிடையே வேறோர் உருவத்திலும் உண்டு. 13 அம்பியர்ச் சதுரமுனைக் குதையின் மூடிகளைத் திறப்பது புவிமுனையே. இருமுனைச் செருகியைச் செலுத்த வேண்டி மேல் துளையிற் பேனா மூடியையோ திருகாணிச் செலுத்தியையோ குத்துவதை எத்தனை வீடுகளிற் பார்க்கின்றோம்! எம் வீட்டிலும் அது நடந்ததுண்டு.

ஆயின் வழி யாது? பிரிக்கவேண்டியது அலைவுகாட்டியையன்று, சோதிக்கப்படும் மின்வழங்கியை. இதற்குரிய சாதனம் தனியாக்கல் நிலைமாற்றி. அதன் இரு சுருள்களும் சம எண்ணிக்கையுள்ள சுற்றுகளைக் கொண்டு, ஒன்றோடொன்று கம்பித் தொடர்பின்றி இருக்கும். 230 வோல்ற்று உட்சென்று 230 வோல்ற்றே வெளிவரும். வெளிவருவதற்குப் புவியோடு யாதோர் உறவும் இல்லை. அதிலிருந்து ஊட்டப்படும் மின்வழங்கியின் முதற்பக்கத்தில் யாதேனும் ஒரு புள்ளியில் அலைவுகாட்டியின் கவ்வியை மாட்டினால், அப்புள்ளி புவியழுத்தத்தைப் பெறுமேயன்றி மின்னோட்டம் பாய்வதற்கு மீளும் வழி இராது. ஒரு புள்ளி என்பதை அழுத்திச் சொல்கின்றோம். இரண்டாங் கவ்வியை வேறொரு புள்ளியில் மாட்டினால் அவ்விரு புள்ளிகளையும் குறுக்கே இணைத்ததாக முடியும்.

கடையில் ஆயத்தமாகக் கிடையாவிடின், 230-இலிருந்து 24 வோல்ற்றாகக் குறைக்கும் ஒரே அளவான நிலைமாற்றிகள் இரண்டை வாங்கி, 24 வோல்ற்றுப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து, இரண்டாவதின் 230 வோல்ற்றுப் பக்கத்திலிருந்து மின்னை எடுக்கலாம். வெளியீடு சிறிது குறையும். சோதனைக்கு அஃது இடையூறன்று. சிறு மின்னூட்டிகளுக்கு 100 வோல்ற்றம்பியர் கொண்டவை தாராளம். இரும்பு அகணியைப் புவியோடு இணைக்க, வெளியீட்டை இணையற்க. வேரியாக் எனப்படும் மாறு நிலைமாற்றியைத் தனியாக்கல் நிலைமாற்றி எனப் பலர் மயங்குவர். அதற்கு ஒரே சுருள். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், பிரிக்காது. 230-ஐ 110 ஆக்கும் பெட்டிகளிற் பலவும் இவ்வகையினவே.

தனியாக்கல் நிலைமாற்றியை வாங்கியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவாரும் உளர். கவ்வியை மாட்டிய கணமே முதற்பக்கம் மீண்டும் புவியோடு உறவு பூண்டுவிட்டது. அந்நிலையில் 325 வோல்ற்று முனையை ஒரு கையாலும் அலைவுகாட்டியின் உடலை மறுகையாலும் தொட்டால் மின்னோட்டம் உடம்பினூடே பாயும். ஆனால் அது நிலைமாற்றிக்கு அப்பாலேயே சுழன்று வருவதால், வீட்டுச் சுற்றுடைப்பானின் கணக்கில் ஒரு சதமும் குறையாது. அது விழாது. எம்மை முன்பு காத்த காவலன் இங்கே குருடன் என்க. ஆகவே சோதனைமுனைகளையெல்லாம் மின் துண்டித்த நிலையிலேயே மாட்டி, கையை எடுத்தபின் ஆளியை இடவேண்டும். மின் உள்ளபோது திரையைப் பார்ப்பதன்றி வேறொன்றும் செய்தலாகாது. எதனையேனும் நெருங்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

சோதனைமுனையின் தாங்குதிறனையும் கருதுக. மின்னூட்டியின் திரான்சிற்றர் முனையில் அழுத்தம் 325 வோல்ற்றோடு நில்லாது. திரான்சிற்றர் அறும்போது நிலைமாற்றியில் தேங்கிய ஆற்றல் துணைப்பக்கத்திற்குப் பாய, அதன் எதிரொலியாக மேலும் 100 வோல்ற்றளவு ஏறும். கசிவுத் தூண்டலினால் அதற்கும் மேலே ஊசிபோன்றதொரு கூர்முனை எழுந்து, 600 வோல்ற்றையும் எட்டிப் பின்னர் மணியோசைபோல் அதிர்ந்து அடங்கும். அக்கூர்முனையைத் தணிக்கும் சிறு இருவாயியும் தடையியும் பழுதுற்றால், 650 வோல்ற்று மட்டும் தாங்கும் திரான்சிற்றர் இரண்டாம் முறையும் மாளும். திரான்சிற்றரை மாற்றியும் மறுபடி எரிகின்றதே என வருந்துவோர்க்கு விடை பெரும்பாலும் அந்தக் கூர்முனையிலே கிடைக்கும். அதனைக் காண, நூறிலொன்றாக்கும் உயரழுத்தச் சோதனைமுனை வேண்டும். அலைவுகாட்டியோடு வரும் பத்திலொன்றாக்கும் முனைக்கு இது எல்லை மீறிய சுமை. அதிலுள்ள சிறு ஆளி தவறுதலாக ஒன்றுக்கொன்று என்ற நிலையில் இருந்துவிட்டால், பல கருவிகள் தாங்கும் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் நேரே உள்ளே புகும்.

இவையனைத்தினும் செம்மையானது வேறுபாட்டுச் சோதனைமுனை. இரண்டு முனைகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து அலைவுகாட்டிக்கு அளிக்கும் இதில் புவிக்கவ்வி என்பதே இல்லை. மலிவான அலைவுகாட்டியொன்றின் விலையை அதன் விலை நெருங்குவதால் நம்மவர் தயங்குகின்றனர். ஆய்வுகூடத்திற்கு ஏதேனும் அன்பளிப்புச் செய்ய விரும்பும் பழைய மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். இஃது இல்லையெனின், இரு வழிகளில் ஒரே தரமான இரண்டு உயரழுத்த முனைகளை மாட்டி, கவ்விகளைச் சுற்றில் எங்கும் தொடாது ஒன்றோடொன்று கவ்வவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்படி கருவியைப் பணிக்கலாம். நுண்மை குறையும், பாதுகாப்புக் குறையாது.

மின்கலத்தில் இயங்கும் சிறு அலைவுகாட்டி பற்றி மாணவர் கேட்பதுண்டு. உள்ளீடு தனியாக்கப்பட்டு, 600 வோல்ற்றுக்கு எனத் தரங்குறிக்கப்பட்ட பிளாஸ்திக் உடலுடைய கருவியாயின் நன்று. வெறுமனே மின்கலத்தில் இயங்குவது அதற்குச் சமமன்று. கவ்வியை எங்கு மாட்டினோமோ அந்த அழுத்தத்திலேயே அதன் வெளி உலோகம் அனைத்தும் நிற்கும். மடிக்கணினியோடு இணைப்பதாயின் கணினியும் அவ்வாறே.

கடுகண்ணாவை நிலையத்தருகே 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய புகையிரத அரும்பொருட்சாலையிற் பழைய நீராவி இயந்திரங்களைக் கண்டிருப்பீர்கள். நெருப்பை வாரி வெளியே கொட்டிய பின்னரும் கொதிகலனில் அமுக்கம் நெடுநேரம் நிற்கும் என்பது அவற்றை ஓட்டியவர் அறிந்த பாலபாடம். மின்வழங்கியின் பெரிய கொள்ளளவியும் அத்தகைய கொதிகலனே. 150 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி 325 வோல்ற்றில் ஏறத்தாழ 8 யூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். ஒரு கிலோகிராம் நிறையை 80 சதமமீற்றர் உயரத்திலிருந்து விரலின்மேல் விடுவதற்கு அது நிகர். செருகியைக் கழற்றியபின்னும், அதிலும் பழுதுபட்டு இயங்காத மின்வழங்கியில், அது அப்படியே தங்கியிருக்கும். ஏனெனில் அதனைச் செலவழிக்க வேண்டிய சுற்றே உறங்கிவிட்டது. திருகாணிச் செலுத்தியைக் குறுக்கே வைத்து ‘டப்’ என வெடிக்கச் செய்யும் வீரம் வேண்டா. 10,000 ஓம், 5 உவாற்றுத் தடையியொன்றைக் காவலிட்ட கம்பிகளிற் பற்றாசு வைத்து, முனைகளுக்குக் குறுக்கே பத்துச் செக்கன் பிடித்தால் மின்னேற்றம் வடிந்துவிடும். பின்னர்ப் பல்மானியால் அளந்து பார்த்தே கைவைக்க.

திருத்திய மின்வழங்கிக்கு முதன்முதல் மின்னூட்டும்போது, உயிர்க்கம்பியில் 60 உவாற்று இழைமின்குமிழொன்றைத் தொடராக இணைப்பது பழைய வானொலித் திருத்துநரின் வழக்கம். இன்றும் அது நன்றே. குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுஞ்சுற்று உளது. எல்.ஈ.டி. குமிழ் இதற்குதவாது.

இத்தனையும் கூறியபின் ஒன்று சொல்லவேண்டும். எம்மிடம் வரும் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றிற்கு முதற்பக்கத்தைத் தீண்டவே வேண்டுவதில்லை. அண்மையில் வந்த ரூற்றர் மின்னூட்டியொன்றைப் பல்மானி 12 வோல்ற்று என்றே காட்டியது. ஆயினும் ரூற்றர் ஐந்து நிமிடத்துக்கொருமுறை அணைந்தெழுந்தது. வெளியீட்டிற் குறுக்கே 12 ஓம், 20 உவாற்றுத் தடையியை இட்டு ஓர் அம்பியர் எடுக்கச் செய்து அலைவுகாட்டியை மாட்டியபோது, சமதளமாக இருக்கவேண்டிய கோடு மரமரியும் வாள்போற் பல்பல்லாக நின்றது. பல்லின் உயரம் ஏறத்தாழ ஒரு வோல்ற்று. கணினி மின்வழங்கிகளின் 12 வோல்ற்று வெளியீட்டுக்கு நியமம் அனுமதிக்கும் உயரம் 120 மில்லிவோல்ற்றே. சராசரியை மட்டும் காட்டும் பல்மானிக்கு இப்பற்கள் புலப்படா. துணைப்பக்கத்து மின்பகு கொள்ளளவி வெப்பத்தால் உலர்ந்துவிட்டதே காரணம். 105 பாகை தாங்கும் புதியதொன்றை இட்டதும் வாள் மழுங்கிற்று. துணைப்பக்கம் பிரிக்கப்பட்டதாகையால், வெளியீட்டின் எதிர்முனையிற் கவ்வியை அச்சமின்றி மாட்டலாம். கவ்விக் கம்பி நீளமாயின் காற்றிலுள்ள இரைச்சலையும் அது வாங்கிக் காட்டும். முனையோடு வரும் சிறு சுருள்வில்லைப் பயன்படுத்துக.

பிரிக்கப்பட்டதுதானா என்பதை மட்டும் முன்னரே தெளிக. மலிவான எல்.ஈ.டி. விளக்குகளின் உள்ளிருக்கும் சுற்றுகளிற் பல பிரிக்கப்படாதவை. அவற்றில் வெளியீடே உயிர்க்கம்பி. பலகையில் நாம் கூறிய அகழி இல்லையாயின், முழுவதையும் முதற்பக்கமாகவே கருதுக. அகழி இருந்தும், வெளியீட்டுக்கும் புவிக்கும் இடையே பல்மானி 100 வோல்ற்றளவு காட்டுகின்றதே என அஞ்சுவாரும் உளர். அது நீல வட்டுக் கொள்ளளவியின் வேலை, 2.2 நனோபரட்டு வழியே 230 வோல்ற்றிலும் கசிவது 0.16 மில்லியம்பியர் மட்டுமே. இருமுனைச் செருகியுள்ள மடிக்கணினியைத் தடவும்போது விரலில் உணரும் மெல்லிய சிலிர்ப்பு இதுவே.

எம் பழைய அலைவுகாட்டி இன்றும் மேசையில் இருக்கின்றது. அதன் செருகிக்குப் புதிய கம்பி இட்டோம். ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன், அதனைக் குதையிற் செருகாமலே, பல்மானியின் ஒரு முனையைச் செருகியின் புவிமுனையிலும் மறுமுனையை இணைப்பி வளையத்திலும் வைத்துப் பார்க்கின்றோம். ஓர் ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் மட்டுமே செருகியைக் குதைக்குக் கொண்டுபோகின்றோம்.